காணிக்கைப் பாட்டின் மெட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடிவாரத்திலிருந்து ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து மலையேறினேன். இன்றைக்கு ஏற்காட்டில் மைக் செட் என்றால் சூசையைத்தான் கூப்பிடுவார்கள். மாரியம்மன் பண்டிகைக்கும் மாதா தேருக்கும் என் சத்தம்தான். ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது என் தங்கச்சி இருதயமேரியைப் பற்றி.

மாரமங்கலம் போகிற வழியில் ஓர் எஸ்டேட்டில் அவளுக்கு வேலை. மாசி பிறந்தால் சிமெண்டுக் களத்தில் மிளகு காயப்போடுவார்கள். வெயிலில் நாள் முழுக்க நடந்து காலால் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த நடைக்குப் போனில் பழைய சினிமாப் பாட்டு ஓடும். புருஷன் செத்த பிறகு அவளைத் தாங்கியது அந்தப் பாட்டும், ஞாயிறு பூசையில் முப்பது வருஷமாக அவள் பாடுகிற காணிக்கைப் பாட்டும்தான்.

நாலு வருஷத்துக்கு முன் தவக்காலத் தியானத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். உலகப் பாட்டை ரசிக்கிற காது பிசாசுக்குத் திறந்துவிட்ட கதவு என்றார். மறுநாளே போனில் இருந்த பாட்டையெல்லாம் அழித்துவிட்டாள்.

கூட வேலை செய்கிற வீராயி கேட்டாளாம்: "ஏனுங்க்கா, எங்க மாரியாத்தா மைக் செட்டு இல்லீனா வரவே மாட்டா. உங்க சாமிக்கு மட்டும் பாட்டுன்னா ஆகாதுங்களா?"

"சும்மா இரு வீராயி. எனக்கே பயமாக் கெடக்குது."

அதோடு போயிருக்கும். நான்தான் கெடுத்தேன். பூசை முடிந்து பாட்டுக்குழு உட்கார்ந்திருந்தபோது, எனக்குத் தெரியாத பாட்டு உண்டா என்ற பேச்சு வந்தது. "இந்தக் காணிக்கைப் பாட்டே சினிமா மெட்டுதான். கல்யாண வீடுகள்ல முந்நூறு தடவ நானே போட்டிருக்கேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் பாடவில்லை. நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை அப்பத்தைப் பாவத்தோடு வாங்கக் கூடாதென்று அதற்கும் போகவில்லை.

"முப்பது வருசமா பீடத்துக்கு முன்னால நின்னு அந்தப் பாட்டாண்ணா நான் பாடுனேன்?" என்றாள். முகம் காய்ந்து போயிருந்தது. பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போனேன். மெட்டில் பாவம் இல்லையம்மா என்றார். வெளியே வந்ததும், "சின்ன வயசுச் சாமியாருங்க. எம்மேல எரக்கப்பட்டுச் சொல்றாரு" என்றாள்.

ஐந்து ஞாயிறு இப்படியே போனது. களத்தில் வாய்மூடி நடந்தாள். இரவில் கஞ்சியோடு சரி. ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்காமல் இருப்பதும் பாவம் என்பதால் இரண்டு பக்கமும் அவளுக்கு வழியில்லை.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் நான் தப்பென்று ஒத்துக்கொண்டது கிடையாது. அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

"கண்ணு, நான் சொன்னது தப்பு. அது நம்ம கோயில் மெட்டுதான். சினிமாக்காரன்தான் நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிட்டான்."

"நெசமாவாண்ணா?"

"ஆமாங்கறேன்."

"மாதா மேல சத்தியமா?"

கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா படம் போட்ட உத்தரியத்தைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். அது பச்சைப் பொய்.

மறுநாள் உயிர்ப்புத் திருநாளில் அவள் பாடினாள். ஸ்பீக்கர் என்னுடையது, அதனால் சொல்கிறேன், அப்படிச் சுத்தமான குரல் அதில் வந்ததேயில்லை. வரிசையில் போய் நற்கருணை வாங்கினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாதா பேரில் பொய்ச் சத்தியம் செய்த வாயோடு எப்படிப் போவது? பிறகு பாவசங்கீர்த்தனம் செய்து, சாமியாரிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள், அதுதான் பரிகாரம் என்றார் சாமியார்.

இந்த நாலு வருஷமாகச் சொல்லவில்லை, அதனால் நற்கருணையும் வாங்கவில்லை. களத்தில் அவள் இன்னும் சினிமாப் பாட்டு கேட்பதில்லை. காணிக்கைப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு மிளகைத் தள்ளுகிறாள்.

போன ஞாயிறும் வரிசைக்குப் போகும்போது என் பெஞ்சருகே நின்றாள். "ஏனுங்கண்ணா, நீங்க நன்மை வாங்க வல்லீங்களா? அப்படி என்னங்க பாவம் பண்ணிட்டீங்க?"

"முட்டி நொம்ப வலிக்குது. நீ போ கண்ணு" என்றேன்.