சந்திரவல்லி துண்டித்த அழைப்பு

ராசிங்காபுரம் சந்திரவல்லிக்கு ஐம்பத்தேழு வயது. போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்து ஏலத்தோட்டத்தில் பதினாறு ஆண்டுகள் காய் எடுத்தார். கணவர் இறந்தபின் மலையிறங்கி, 2014 முதல் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறார். ஒரே மகன் அருள்பாண்டி எல்லைக் காவல் படையில் இருக்கிறான். வீட்டில் அவர் மட்டும்தான்.

2025 மே 8, வியாழன், காலை 6.20க்கு மகன் பேசினான். எல்லையில் சண்டை மூண்டிருந்தது.

"ஆத்தா, ஆபீசர் மாதிரிப் பேசி, ஒம் மகன் எங்க இருக்கான்னு கேப்பாங்க. எதிராளி ஆளு. ஒண்ணும் சொல்லிராத."

"எனக்கு மகனே இல்லேன்னு சொல்லிப்புடுறேன், போ."

"அது போதும்" என்று சிரித்தான்.

அதன்பின் அவனுடைய எண் அணைந்தே இருந்தது. கடையில் பக்கத்தில் உட்காரும் மொக்கம்மாள், "ஒம் மகன் எந்த ஊருல கெடக்கான்?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"பெரிய ரகசியந்தான்! மந்திரி கேட்டாலாச்சும் சொல்லுவியாடி?"

சந்திரவல்லி காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மே 11 முதல் 13 வரை, தெரியாத எண்ணிலிருந்து தினம் ஒரு பெண் அழைத்தாள். "அம்மே, அருள்பாண்டியுடெ வீடல்லே?" தோட்டத்தில் பழகிய மலையாளம்; அருள்பாண்டி வீடுதானே என்று கேட்கிறாள் என நன்றாகப் புரிந்தது. தன் மகன் பெயர் வரை தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று பயந்தார். இரண்டு நாள் "அப்படி யாரும் இல்ல" என்றார். மூன்றாம் நாள், "எனக்கு மகனே கெடையாது, போனை வையி" என்று கத்தித் துண்டித்தார்.

மே 14 மாலை, போலீஸ்காரர் அமாவாசை வீடு தேடி வந்தார்.

"அக்கா, மூணு நாளா ஒங்களக் கூப்பிட்டது ராணுவ ஆஸ்பத்திரி நர்சு. நீங்க நம்பலன்னு ஸ்டேசனுக்குச் சொல்லிவிட்டாங்க. ஒங்க மகன் தம்பிக்குத் தாடையில காயம். ஆபரேசன் முடிஞ்சிருச்சு, உசுருக்கு ஒண்ணுமில்ல. மூணாவது தடவ போனைத் தம்பி காதுலதான் வச்சிருந்தாங்களாம்."

சந்திரவல்லி கேட்டார்: "கேட்டுட்டானா?"

அமாவாசை அந்த எண்ணை அழைத்துக் கொடுத்தார்.

"ஆத்தா..." வாய் குழறியது. "சரியாத்தான் சொன்ன."

எங்கே இருக்கிறாய், எப்படி அடிபட்டது, எப்போது வருவாய்? எதையும் கேட்கக் கூடாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"என்னப்பு குடிச்ச?"

"கஞ்சித் தண்ணி."

"உப்புப் போட்டாங்களா?"

"ம்."

மொத்தம் இரண்டு நிமிடம். மறுநாள் எட்டேகால் பஸ்சில் கடைக்குப் போனார். மொக்கம்மாளிடம்கூட வாய் திறக்கவில்லை. ஜூன் 24 அன்று, தாடையில் தழும்போடு மகன் தெருவில் நடந்து வந்தபோதுதான் தெருக்காரர்களான எங்களுக்கு விவரம் தெரிந்தது. நாற்பத்தொரு நாள் அவர் அதைத் தனியாக வைத்திருந்தார்.