என் படகு, என் வயர்

புன்னைக்காயலில், என் கணவர் விட்டுச்சென்ற படகில்தான் என் குடித்தனம். அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் இன்னொரு முறை நின்றால் என்னைச் சென்னைக்கு அழைத்துப்போவதாக மகன் சொல்லியிருந்தான்.

இன்று காலை நின்றது.

போன முறை எலக்ட்ரீஷியன் மோட்டாருக்குப் போட்ட, வீடுகளில் போடும் சாதா வயர் உப்புக்காற்றில் பச்சை பூத்து அறுந்திருந்தது. ஏரலில் ஒரு கடைக்குப் போய் உப்புக்காற்றைத் தாங்கும் வெள்ளீயம் பூசிய வயர் கேட்டேன்.

"ஆச்சி, ஆம்பளையாள் யாரையாவது அனுப்புங்க. ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல?" என்றார் கடைக்காரர்.

"ஆம்பளையாள் செஞ்ச வேலதான் அண்ணாச்சி அறுந்து கெடக்கு. வயர எடுங்க."

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, புது வயரை நானே பொருத்தினேன். மோட்டார் ஓடியது. வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

"அம்மா, ஷாக் அடிச்சிருந்தா?" என்கிறான்.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஷாக் அடிக்காது. இன்ஜினீயரிங் படித்த பிள்ளைக்கு இதை நானே சொல்லட்டுமா, நீங்கள் யாராவது சொல்கிறீர்களா?