தொடாமல் சொல்லிக்கொடுப்பது

“சார், கை,” என்றாள் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தவள்.

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை அவரைக் கேட்காமலேயே பக்கத்து மேசைக்குப் போய் அங்கிருந்த மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டார். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்பது அவரைத் தவிர அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி அவற்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சமுதாயக் கல்லூரிகளில் கணினி கற்பிக்கிறவர்களுக்கான பயிற்சிப் பட்டறை அது; அவருடைய கல்லூரியிலேயே நடந்தது. விதி ஒன்றுதான். மாணவர் தடுமாறினால் வாத்தியார் வாயால் உதவலாம், அதுவும் கேட்டால் மட்டும். மவுஸையோ விசைப்பலகையையோ தொடக்கூடாது. முதல் நாள் இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அதே கல்லூரியில் அச்சு இயந்திரங்களுக்குப் பொறுப்பான வாத்தியார், இதற்குப் போய் ஒரு பட்டறையா என்று வாய்விட்டே கேட்டார். மத்தியானத்துக்குள் அவரும் இரண்டு தடவை மாட்டிக்கொண்டார்.

நம்மவருடைய வியாதி முற்றியது. கல்லூரியில் அவருக்கு ‘நகரு சார்’ என்று பெயர். வகுப்பில் யாராவது திரையைப் பார்த்து விழித்தால் பின்னால் வந்து நிற்பார். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுப்பார். பிறகு “கொஞ்சம் நகரு” என்று பாதி நாற்காலியில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்பார். புரிந்தது என்பார்கள். சாருக்குத் தெரியும் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. கல்லூரிக்கு முதன்முதலாகக் கணினிகள் வந்தபோது அவர் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர் என்று கூட்டிவந்து அவரிடம் அறைச் சாவியைக் கொடுத்தார்கள். ஒரு இயந்திரம் படுத்தால் அதைச் சரிசெய்கிறவர் வந்து சேர்வதற்குள் பருவமே முடிந்துவிடும். அதனால் யாரையும் தொட விடவில்லை. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தே தேறினார்கள். பிற்பாடு இயந்திரங்கள் மலிந்துவிட்டன. அவர் கை மட்டும் பழைய விலையையே நினைத்துக்கொண்டிருந்தது.

பட்டறையில் தேறாதவருக்கு அடுத்த பருவத்தில் புதியவர்களுக்கான வகுப்பு கிடையாது என்று முதல்வர் சொல்லியிருந்தார். நகரு சாருக்கு உதிரிப்பாகங்கள் வைக்கும் அறையைத் தருவதாக ஏற்பாடு. அது அவருக்குப் பொருத்தமான இடம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே இயந்திரங்கள் மட்டும் இருக்கும். தப்பு செய்ய யாரும் இருக்க மாட்டார்கள். அவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தப்பு செய்யாத ஒரு நாளை எப்படிக் கழிப்பதென்று அவருக்குத் தெரியாது.

இதில் இன்னொரு சங்கடம். பயிற்சி நடத்துகிறவள் அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. வீட்டில் அத்தான், இங்கே சார். அவரும் அவளை மேடம் என்று கூப்பிட்டுப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. உறவு என்பதால் கொஞ்சம் கண்டும் காணாமல் விடுவாள் என்று நம்பியிருந்தார். மற்றவர்களும் அப்படியே நினைத்து அவளை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். விளைவாக, மற்றவர்களுடைய கை மேசையைத் தொட்டால்தான் கண்டித்தாள்; அவருடைய கை கால்சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தாலே கண்டித்தாள்.

இரண்டாம் நாள் முடியும்போது, மறுநாள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கணினி தெரியாத ஒருவரை அழைத்துவர வேண்டும் என்றாள். அவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பரீட்சை. அப்படிப்பட்டவருக்கு எங்கே போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கணினி வாத்தியார்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“நானா? எனக்கு என்னங்க தெரியும்?”

“தெரியாததுதான் தகுதி.”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தகுதி இருக்குன்னு இன்னிக்குத்தான் சொல்றீங்க.”

கொஞ்சம் பழக்கி வைத்தால் நல்லதென்று அவருக்குத் தோன்றியது. அது மோசடிதான், ஆனாலும் குடும்பத்துக்குள் நடக்கிற மோசடி. கணினிக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நின்றார். அவள் மவுஸை அயர்ன் பெட்டி மாதிரி பிடித்து மேசையை ஒருமுறை தேய்த்தாள். அம்புக்குறி திரையின் மூலைக்குப் போய் ஒளிந்துகொண்டது. அவர் ஒரு மூச்சு விட்டார். பிறகு நகரச் சொன்னார்.

அவள் நகரவில்லை, எழுந்தே போய்விட்டாள். நாளைக்கு நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்து நீங்களே பாஸாகிக்கொள்ளுங்கள் என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் சமாதானம் பேசினார். தங்கை நடத்துகிற வகுப்பு என்பதால் மட்டுமே வருவதாக அவள் சொன்னாள்.

மறுநாள் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாமனார்கள், மாமியார்கள், அண்ணிகள், ஒரு பெரியப்பா. முதலில், சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. தொழில்நுட்பம் கற்பிக்கிற அத்தனை பேரும் எழுந்து அதைச் சூழ்ந்துகொண்டார்கள். கம்பியில் கோளாறு என்றார் ஒருவர். விளக்கு போய்விட்டது என்றார் இன்னொருவர். அணைத்துப் போடச் சொன்னவரும் உண்டு. எல்லா யோசனைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றியதில் அது நிரந்தரமாக அணைந்தது. மச்சினி சாக்கட்டியை எடுத்துக்கொண்டாள்.

பணி எளிது. திரையில் ஒரு சைக்கிள் படம் சாய்ந்து படுத்திருக்கும். அதை நிமிர்த்தி, அடியில் இரண்டு வரி எழுதி, அச்செடுத்துத் தர வேண்டும். அச்சு வாத்தியார் தன் மாமனாருடன் முதலில் போனார். மாமனார் சைக்கிளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிமிர்த்தினார். மாப்பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் பாய்ந்துவிட்டார். தேறவில்லை. அந்தக் கடுப்போடு, அடுத்து வந்த நகரு சாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மனைவி உட்கார்ந்தாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

அவள் எதையோ அழுத்தினாள். சைக்கிள் தலைகீழானது. இன்னொரு தடவை அழுத்தினாள். மறுபக்கம் படுத்தது. அவள் கழுத்தைச் சாய்த்து அதைப் பார்த்தாள்.

“இப்படிப் பார்த்தா நல்லாத்தானே இருக்கு?”

அது கேள்வியா என்று அவருக்குத் தெரியவில்லை. கேள்வியென்றால் பதில் சொல்லலாம். மச்சினியைப் பார்த்தார். அவள் முகத்தில் உறவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். மனைவி இன்னும் ஒரு தடவை அழுத்தினாள். சைக்கிள் நிமிர்ந்து நின்றது. கூட்டத்திலிருந்த பெரியப்பா கைதட்டினார்.

இரண்டு வரி எழுதுவதற்குள் அவருடைய சட்டை முதுகு நனைந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் விசைப்பலகை முழுவதையும் தொலைந்த தோட்டைத் தேடுகிற மாதிரி தேடினாள். தேடிய எழுத்து அவள் விரலுக்கடியிலேயே இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க அவர் கூரையைப் பார்த்தார். அப்போது அவள் “ஐயோ” என்றாள். திரையில் சைக்கிளும் இல்லை, எழுத்தும் இல்லை. சுத்தமான வெள்ளை.

அது எங்கே போனது, எப்படித் திரும்பும் என்பது அங்கிருந்த வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரியும். நாற்காலிகள் முன்னே நகர்ந்தன. முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த அவருடைய கைகள் பிரிந்தன. வலது கை முன்னே வந்தது. மச்சினி பேனாவைத் திறந்தாள்.

அந்த நேரத்தில் அவர் தோளுக்கு மேலாக வேறொரு கை மவுஸை நோக்கி நீண்டது. அச்சு வாத்தியாருடையது. நகரு சார் அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“கையை எடுங்க சார். அவ பாத்துக்குவா.”

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. மனைவி திரும்பி, இவர் யார் என்பதுபோல அவரைப் பார்த்தாள். பிறகு திரையின் மேல்வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். வளைந்த அம்பு ஒன்று இருந்தது. “இது போன வழியே திரும்பற மாதிரி இருக்கே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அழுத்தினாள். சைக்கிள் வந்தது. இரண்டு வரியும் வந்தது. அவர் இன்னும் அச்சு வாத்தியாரின் கையை விடவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும்போது, எத்தனை பிரதி என்ற இடத்தில் அவள் மனசுக்குப் பட்ட எண்ணைப் போட்டாள். இயந்திரம் சைக்கிள்களைத் தள்ளத் தொடங்கியது. தட்டு நிறைந்து தரையில் விழுந்தன. புது மை அது, நேற்றுத்தான் போட்டது என்று அச்சு வாத்தியார் முறையிட்டார். நிறுத்தட்டுமா என்று நகரு சார் மனைவியைக் கேட்டார்.

“எதுக்கு? நல்லாத்தானே வருது.”

அவர் நிறுத்தவில்லை. தாள் தீர்ந்ததும் அதுவே நின்றது.

தேர்ச்சி என்று மச்சினி அறிவித்ததும் தகராறு வந்தது. அவர் எதுவுமே செய்யவில்லையே, எதற்காகத் தேர்ச்சி என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். இன்னொருவர், வீட்டுக்காரியை வைத்து மச்சினியிடம் பரீட்சை எழுதினால் யாரும் தேறலாம் என்றார். மச்சினி பதில் சொல்வதற்குள் மனைவி எழுந்து நின்றாள். நேற்று வீட்டில் இவர் பண்ணினதைப் பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள் என்று ஆரம்பித்தாள். அவர் அவசரமாக அவளைத் தேநீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பருவம் தொடங்கியது. அறிவிப்புப் பலகையில் புதியவர்கள் வகுப்புக்கு எதிரே அவர் பெயர் இருந்தது. உதிரிப்பாக அறைக்கு அச்சு வாத்தியாரைப் போட்டிருந்தார்கள். நகரு சார் அறையைத் திறந்து எல்லா இயந்திரங்களையும் போட்டார். ஒன்று எழவில்லை. மாணவர்கள் வந்தார்கள். ஜன்னலோரம் ஒரு பெண் எதையோ அழித்துவிட்டு விழித்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்; மற்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சத்தமாக முயன்றார்கள். அன்றைய பாடத்தில் பாதிகூட முடியவில்லை. முதல்வர் வாசலில் வந்து நின்று, ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்டார். வகுப்பு நடக்கிறது என்றார் அவர். மத்தியானம் எழாத இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார். மின்விசிறியில் தூசி அடைத்திருந்தது. சாயங்காலம் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வீட்டுக்குப் போனார்.