விரலைக் காட்டினால்தான் கார்க் கதவு திறக்கும்

மலேசியாவின் கிள்ளானில் தையல்கடை வைத்திருக்கும் பிலோமினா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதியாமல் விட்டதால் அவர் கையில் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டை. அது வரி கட்டச் சொல்லும், ஓட்டுப் போட விடாது.

ஆனாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் தன் அடுக்குமாடியில் குடியிருக்கும், அதிகம் நடக்க முடியாதவர்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவார். வாக்களிப்பு நடக்கும் பள்ளி வாசலிலேயே நின்றுகொள்வார். திரும்பி வருகிறவர்கள் மை வைத்த விரலைக் காட்டினால்தான் கார்க் கதவைத் திறப்பார். காட்டாதவர்களுக்கு நல்ல ஏச்சு விழும்.

அறுபத்து மூன்றாம் வயதில் குடிமக்களுக்கான நீல ஐசி வந்தது. அடுத்த தேர்தலில் அவரும் உள்ளே போனார். வெளியே வந்தபோது, காரில் இருந்தவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"விரலக் காட்டு பிலோமினா!"

காட்டினார். உயர்த்திய விரலை இறக்க அவருக்கு மனமே வரவில்லை.

தன் அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த பக்கத்து வீட்டு பிரையன் கைகொடுத்தான். "கங்கிராட்ஸ் ஆன்டி! இன்னிக்குத்தான் நீங்க மலேசியர் ஆயிருக்கீங்க."

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. "என்னடா பேசுற? அக்ரிமென்ட்னா ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடணும்லா. என் பக்கத்துல நான் எப்பவோ போட்டுட்டேன். நாடுதான் இன்னிக்குப் போட்டிருக்கு. சரி, உன் விரலக் காட்டு."

பிரையனின் இடக்கை மெல்லக் கால்சட்டைப் பைக்குள் போனது. "கியூ ரொம்ப நீளம் ஆன்டி..."

"நான் அறுபத்து மூணு வருஷம் கியூவுல நின்னவடா. போய் நில்லு!"