அன்னம்மாள் குழிமேல் பூத்த வெள்ளை

லோகநாயகி அக்கா செடியைப் பிடுங்குமுன் அதன் அடியில் இருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். "முனியண்ணே, கொஞ்சம் ஒதுங்கிக்க." "பொன்னியம்மா, வேர வலிக்காம வுடு." பதில் கேட்பவள்போல் தலையைச் சாய்த்து நிற்பாள். பிறகு ஒருமுறை தலையாட்டிவிட்டுப் பிடுங்குவாள். எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இதை விட்டதில்லை. பேர் தெரியாத குழிமேல் அவள் கைவைத்ததும் இல்லை.

அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய இடுகாடு அது. நித்தியகல்யாணி அங்கே தானாக மண்டிக் கிடக்கும். நாங்கள் சுடுகாட்டு மல்லி என்போம். தலையில் வைக்கமாட்டோம், வீட்டுக்குள் கொண்டுவரமாட்டோம். எண்பத்தைந்து வாக்கில் குமணன்சாவடியிலிருந்து வரதன் என்கிற வியாபாரி வந்து, அதன் வேரைக் காயவைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஊரில் யாரும் துணியவில்லை. லோகநாயகி அக்கா போனாள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் கூடப் போனேன். எனக்கு அதிகம் பேச வராது. அவளோ செத்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பாள். எங்களுக்கு ஒத்துப்போயிற்று.

"இத்த வச்சிகினு இன்னா நைனா பண்றாங்க?" என்று ஒருமுறை வரதனைக் கேட்டாள்.

"கப்பல்ல வெளிநாட்டுக்குப் போவுது. புத்துநோய்க்கு இதுலேருந்துதான் மருந்து எடுக்கிறாங்களாம்."

"பாருடி, நம்மூரு பொணம் வெள்ளக்காரன பொழைக்க வைக்குது," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தொண்ணூறில் அவள் வயிறு பெருத்தது. நாற்பதைத் தாண்டியவள். குழாயடியில் பெண்கள் விடவில்லை.

"இன்னாக்கா, பேரன் எடுக்கிற வயசுல அண்ணாத்தே வேலைய காட்டிட்டாரா?"

"ஆமாண்டி. பொறந்ததும் உன் மடியில போட்டுட்டுப் போறேன், நீயே வளத்துக்கோ."

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள். இடுப்பில் வைக்க இடமில்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, கருமுட்டைப்பையில் கட்டி, புற்றுநோயாகத்தான் இருக்கும், சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று தேதி கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா தன் புருஷன் கஜபதியிடம் சொன்னாள்: "மூட்ட மூட்டயா மருந்து அனுப்புனவ நானு. எனக்குக் கத்தி எதுக்குய்யா?"

அன்னம்மாள் எங்கள் தெருக்காரி. முந்தின வருடம் செத்துப்போனாள். அவளுக்கும் வயிறு இப்படித்தான் வீங்கியது. இடுகாட்டில் ஏரிப்பக்க மூலையில் அவள் குழி. சுற்றிலும் எல்லாச் செடியும் ரோஸ் நிறத்தில் பூக்க, அவள்மேல் மட்டும் வெள்ளை. அந்த நோயைத் தின்று வளர்ந்த செடிக்குத்தான் அந்த நோயின் மருந்து தெரியும் என்று அக்கா நம்பினாள்.

நாங்கள் போனது உச்சிவேளை. காற்றே இல்லை. ஏரிப்பக்கம் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

"அன்னம்மா, உன் நோவுதான் எனக்கும். குடுக்கிறியா?"

தலையைச் சாய்த்தாள். வழக்கத்தைவிட வெகுநேரம் நின்றாள். திரும்பிவிடுவாள் என்று நான் நினைத்தபோது வெள்ளைப் பூ பூத்த செடி மட்டும் மெல்ல ஆடியது. அதை ஒட்டி நின்ற செடியில் ஓர் இலைகூட அசையவில்லை. அக்கா தலையாட்டினாள். வேர், இழுக்காமலே கைக்கு வந்ததுபோல் வந்தது.

வீட்டு அடுப்பில் அதை ஏற்ற கஜபதி அண்ணன் விடவில்லை. புழக்கடையில் மூன்று கல் வைத்துக் காய்ச்சினாள். காலையும் மாலையும் குடித்தாள். ஆஸ்பத்திரித் தேதி வந்து போனது. முதலில் வாந்தி. அப்புறம் சீப்போடு முடி கொத்தாக வந்தது. அப்புறம் கால்.

"தரை தெரியலடி," என்றாள். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாள். ஒருநாள் தணலை மிதித்துவிட்டுப் பேசாமல் நின்றாள். பொசுங்கிய வாடை வந்து நான்தான் இழுத்தேன்.

"அன்னம்மா கீய இருந்து ரெண்டு காலையும் புடிச்சிகினு கீறா. சில்லுனு கீது அவ கை."

வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தவளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் கைவிட்டதுபோல் இருந்தது.

கஜபதி அண்ணன் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். என்ன குடித்தாள் என்று அண்ணன் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கைவைத்தார்.

"அது விஷம்மா. வண்டி வண்டியா செடியப் போட்டு, அதுலேர்ந்து துளி மருந்து பிரிக்கிறாங்க. அதுவும் ரத்தப் புற்றுநோய் மாதிரி வேற நோய்ங்களுக்கு. உங்க நோய்க்கு வேற ஒரு மரத்துப் பட்டையிலேர்ந்து மருந்து எடுத்து வெளிநாட்டுல பரிசோதனை பண்ணிட்டிருக்காங்க. இங்க வரல. இப்ப எங்கிட்ட இருக்கிறது ஆபரேஷன். இன்னும் தள்ளிப்போட்டா அதுவும் இல்ல."

அக்கா அவரைக் கேட்டாள்: "அப்போ அன்னம்மா சரின்னாளே. எதுக்குச் சரின்னா?"

டாக்டரம்மா கஜபதி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"வெட்டிடுங்கம்மா," என்றாள் அக்கா. "அவ இழுக்கிற பக்கம் நான் போவல."

உடம்பைத் தேற்றி ஆபரேஷன் செய்தார்கள். கட்டி உடையாமல் முழுசாக வந்ததாகச் சொன்னார்கள். பிறகு சில மாதம் மருந்தும் ஏற்றினார்கள்.

இது தொண்ணூற்றெட்டு. லோகநாயகி அக்கா உயிரோடு இருக்கிறாள். கட்டி திரும்பவில்லை. அந்தப் பட்டை மருந்து இப்போது இங்கேயும் வந்துவிட்டது, அவளுக்குத் தேவைப்படவில்லை. கணுக்காலுக்குக் கீழே மட்டும் இன்னும் உணர்வு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.