ஆட்டுக்குப் போன முருங்கைக்கீரை

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இன்று சேந்தமங்கலத்துக்குப் போய், மாசமாக இருக்கும் மகளைப் பார்த்தேன்.

"என்ன சாமி, இப்படி வெளுத்துப் போயிட்ட?" என்று அவளிடம் கேட்டேன்.

ரத்தம் போதாது என்றாராம் டாக்டர்.

போன வாரம் நான் கொடுத்துவிட்டு வந்த முருங்கைக்கீரையும் ராகி மாவும் என்ன ஆயின என்று கேட்டேன்.

சம்பந்தியம்மா சிரித்தார். "ஏனுங்கண்ணா, கீரைய ஆட்டுக்குப் போட்டாச்சுங்க. மாவ வேலையாளுங்களுக்குக் குடுத்துட்டோம். எங்க ஊட்டு மருமவ களி தின்னா ஊரு என்ன பேசுமுங்க? மூணு வேளையும் நெல்லுச்சோறுதான் போடறமுங்க!"

கீரையைப் பருப்போடு வேகவைத்து உப்புப் போட்டால் போதும், மாவைக் காய்ச்சி மோர் ஊற்றினால் கூழ் என்று சொல்லிப் பார்த்தேன்.

"உட்டுருங்கப்பா" என்றாள் மகள். வாசலில் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க பேசிட்டுப் போயிருவீங்க. அப்புறம் நான்தானுங்க கேட்டுக்கணும்."

பெண்ணைக் கொடுத்தவன் வேறென்ன செய்வது? பஸ் ஏறிவிட்டேன். அவர்கள் வீட்டு ஆடு மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறது.

இதை நம் அலுவலகப் பலகையில் ஒட்டி, பக்கத்தில் பென்சிலும் கட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் சத்துள்ளதெல்லாம் யாருக்குப் போகிறது என்று கீழே எழுதுங்கள்.

என் பெயரைப் போட்டால் வசவு என் மகளுக்குத்தான் விழும். அதனால் போடவில்லை.