அக்காவின் பரிசத்தன்று ஒலித்த இத்தாலி கேசட்

கேசட்டைப் போட்டதும் முதலில் வருவது பாட்டு அல்ல, இரைச்சல். தகரக் கூரையில் மணல் விழுவது போல ஒரு சரசரப்பு. அதற்குள் யாரோ ஒருவர் இருமுவார். பிறகுதான் வயலின்கள்...

இத்தாலியில் ஏதோ ஒரு அரங்கில், சபை முன்னால் பாடும்போதே பதிவு செய்த பழைய இசை நாடகம். சிரிப்பு நாடகம். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தார். கல்லூரியில் படித்த மூன்று வருடமும், பருத்தி மூட்டை அடுக்கிய அறையில் உட்கார்ந்து அதையே கேட்டேன். பாஷை தெரியாது. அட்டையில் இங்கிலீஷில் நாலு வரி கதை இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதில் வரும் கிழவர் படபடவென்று பாடிக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது வரை எனக்கு மனப்பாடம்.

டப்பா உடைந்துவிட்டதால் அதை ஒரு நாதஸ்வர கேசட்டின் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவுக்குப் பரிசம் போட மல்லாங்கிணறு பக்கமிருந்து வேனில் வந்தார்கள். எங்கள் ஊர் பந்தல்குடியிலிருந்து கொஞ்சம் உள்ளே. அதற்கு முந்தைய சம்பந்தம், பல்லி சொல்லிவிட்டது என்று காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனது. அன்றிலிருந்து அக்கா கண்ணாடி முன்னால் நிற்பதே இல்லை.

வேன் வந்து நின்ற நேரம் பார்த்து மைக் செட்டு அண்ணனின் கேசட்டில் நாடா சிக்கிக்கொண்டது. அப்பா ஓடிப்போய் எங்கள் வீட்டு நாதஸ்வர டப்பாவை எடுத்துவந்து கொடுத்தார். அண்ணன் அட்டையை மட்டும் பார்த்தார். போட்டுவிட்டார்.

முந்தின நாள் நான் நிறுத்திய இடத்திலிருந்து அது பாடத் தொடங்கியது. வேப்பமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு பெண்ணின் அழுகை, நீளமாக, மேலே மேலே ஏறிக்கொண்டு...

சீர்த் தட்டோடு வந்தவர்கள் பந்தல் வாசலில் அப்படியே நின்றார்கள்.

"என்ன, ஒப்பாரி வைக்கிறாக? யாரும் தட்ட இறக்காதீக" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருவர்.

அண்ணனின் கை சுவிட்சுக்குப் போனது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

"நிப்பாட்டாதீங்கண்ணே."

"என்னத்தா நீ, அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்குறாக."

"இப்ப நிப்பாட்டினா ஒப்பாரின்னே ஆயிரும். இன்னும் செத்த நேரத்துல எல்லாரும் சிரிப்பாக. கேசட்டுலயே சிரிப்பாக."

கிழவருக்கு மூன்று விக்கல் வரும். மூன்றாவதில் சபை சிரிக்கும். அதுவரை இந்த அழுகையை எல்லாரும் தாங்க வேண்டும். அறையில் கேட்கும்போது ஒரு நொடியாகப் போகும் இடம், அன்று நகரவே இல்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்காவின் பட்டுச்சேலை தெரிந்தது. முகம் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ஏத்தா, இங்க வா. என்னது இது?"

"இத்தாலிப் பாட்டு மாமா. அந்தப் பொண்ணு அழுகல. அழுகுற மாதிரி நடிக்கிறா."

"எதுக்கு நடிக்கணும்?"

"வயசான ஆளு ஒருத்தரு... சின்னப் பொண்ணக் கட்டியே தீருவேன்னு நிக்கிறாரு. அவர ஏமாத்த..."

அங்கேயே நின்றுவிட்டேன். வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றவர் அவருடைய இரண்டாவது மனைவி. என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருந்தால் அதிகம்.

மாமா மீசையைத் தொட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் விக்கல். இரண்டாவது. கிழவர் சமாளித்துப் பாடப் பார்க்கிறார்... மூன்றாவது. எங்கோ தூர தேசத்தில் சபை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு வெற்றிலைத் தட்டோடு நின்ற அந்த இளைய அத்தை சிரித்தார். தட்டு ஆடி, எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு ஓடியது.

"சோத்துல உக்காந்தா உங்களுக்கும் இப்படித்தேன் விக்கும்" என்றார் மாமாவைப் பார்த்து.

மாமா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த ஊர்லயும் இருக்கானா ஒருத்தன்" என்றார். அப்புறம், "தட்ட இறக்குங்கப்பா, வெயிலு ஏறுது."

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதே பதிவு இப்போது என் போனில் இருக்கிறது. இரைச்சலை எடுத்து, இருமலையும் எடுத்து, துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி கொடுத்திருக்கிறார்கள். வரிக்கு வரி அர்த்தமும் ஓடுகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பாடும்போது யார் யாரிடம் பொய் சொல்கிறார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. ஆனாலும் அந்த இருமல் வர வேண்டிய இடத்தில் காது ஒரு நொடி காத்திருக்கிறது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா இல்லை இப்போது. அன்று சிரித்த அத்தை அக்காவோடுதான் இருக்கிறார். "அந்த விக்குற ஆளப் போடுத்தா" என்றார். போட்டேன். அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

"அன்னைக்கு எப்படித்தான் சிரிப்பு வந்துச்சு அத்தை, உங்களுக்கு?"

"சிரிப்பு எங்க வந்துச்சு. ஜன்னல்ல ஒங்க அக்கா மொகத்தப் பாத்தேன். பாட்டுல அந்தப் பொண்ணு அழுகுற மாதிரி நடிச்சான்னியே, நான் சிரிக்கிற மாதிரி நடிச்சேன்."

போனில் முதல் விக்கல் வந்தது. இரண்டாவது வந்தது. அத்தை போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார்.

மூன்றாவதில் நிஜமாகவே சிரித்தார்.